வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, டென்த்திலும் பிளஸ் டூவிலும் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று. அடுத்தது, ஹாஸ்டலில் இடம் இருக்கிறதா என்று. மூன்றாவது கேள்வி கிளம்புகிற நேரத்தில், படியில் செருப்பை மாட்டிக்கொண்டே வரும். "டீச்சர், தப்பா நெனச்சுக்கிடாதீங்க. புள்ளைய வேதத்துல சேத்துற மாட்டாங்கள்லா?"

வேதத்தில் சேர்ப்பது என்றால் கிறிஸ்தவராக்குவது. கேட்கிறவர் அநேகமாக அம்மாவாக இருப்பார். ஊர் தென்காசிப் பக்கமோ அம்பாசமுத்திரம் பக்கமோ இருக்கும்; நெற்றியில் திருநீறு. "சேக்க மாட்டோம்மா. ஆனா காலைல பாட்டுச் சத்தம் கேக்கும். காத மூடிக்கிடச் சொல்ல முடியாதுல்லா?" என்பேன். "பாட்டுத்தானே, கேக்கட்டும்" என்று அவரும் சிரித்துவிட்டு அப்ளிகேஷன் வாங்கிக்கொண்டு போவார்.

நான் அரசு உதவிபெறும் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சர்வீஸில் பாதிக் காலம் ஹாஸ்டல் வார்டன் வேலையும் சேர்ந்தே இருந்தது. அதற்கும் முன்னால், தேரிக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்புக்குத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய போர்டிங் பிள்ளை. அப்பா பனையேறி. மிஷன் பள்ளி இல்லாவிட்டால் நானும் அம்மாவோடு உட்கார்ந்து கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்திருப்பேன். ஆகவே இந்தப் பள்ளிகளைப் பற்றி நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் உள்ளே இருந்து பார்த்ததில், வெளியே தெரியாத சில விஷயங்கள் எனக்குத் தெரியும்.

அசெம்பிளி

மிஷன் பள்ளி என்றால் கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் படிக்கிற இடம் என்று தூரத்து ஊர்க்காரர்கள் நினைத்துக்கொள்வது உண்டு. என் வகுப்புகளில் எந்த வருஷமும் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள்தான். மேலப்பாளையத்திலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. காலை மணி அடித்ததும் எல்லோரும் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு கீர்த்தனை, வேதவாசிப்பு, ஜெபம், அன்றைய குறளும் பொருளும், செய்தி, உறுதிமொழி என்று போகும். வேதவாசிப்புக்கு முறை வைத்துப் பெயர் எழுதுவோம். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத்தான் அந்த முறை. ஆனாலும் மைக்கில் பேசும் ஆசையில் மேலப்பாளையத்துப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேட்டு வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு இறங்கி வந்து அவள் கேட்டது, "டீச்சர், உச்சரிப்பு சரியா இருந்துச்சா?" என்பதுதான்.

வாரத்தில் சில நாள் முதல் பீரியட் இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு நன்னெறி. கத்தோலிக்கப் பள்ளியானால் வேதபாடத்தின் பெயர் மறைக்கல்வி. இப்படிப் பிரிப்பது பள்ளியின் பெருந்தன்மை என்று சிலர் நினைக்கிறார்கள். இது சட்டம். அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் சம்மதம் இல்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்கிறது; சிறு பிள்ளையானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன.

அரசு உதவிபெறும் பள்ளி என்பதன் கணக்கும் பலருக்குத் தெரியாது. கட்டடமும் நிர்வாகமும் தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலத்துக்கோ கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கோ ஒரு துறவற சபைக்கோ உரியது. அரசு ஒப்புக்கொண்ட பணியிடங்களில் இருக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. புத்தகம், சத்துணவு, மேல்வகுப்புக்கு மிதிவண்டி எல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பது போலவே கிடைக்கும். அதாவது, என் சம்பளத்தில் அந்தத் திருநீறு பூசிய அம்மாவின் வரிப்பணமும் இருந்தது. அவர் பிள்ளையிடம் போய் என் விசுவாசத்தை வாயால் பேசிக் காட்டும் வேலை எனக்கில்லை. காட்ட வேண்டுமானால் வேறு வழியில்தான் காட்ட வேண்டும்.

வந்தவர்களும் வராதவரும்

அந்த வேறு வழி சேவை. அதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊரே அதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பிரஷ்யாவைச் சேர்ந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊர் ஊராகச் சபையும் பள்ளியும் சேர்ந்தே எழும்பின. படிக்கப் புத்தகம் வேண்டுமே என்று அவரே தமிழில் எழுதிய 'பூமி சாஸ்திரம்' 1832இல் வந்தது. தமிழில் அச்சான ஆரம்பகால அறிவியல் நூல்களில் அது ஒன்று. போர்டிங்கில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதற்காகவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போன பெற்றோர் அன்றைக்கு உண்டு.

சாரா டக்கர் என்ற பெயரை நெல்லையில் அறியாதவர் கிடையாது. பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயராகவே சொல்வார். அந்த அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இங்கிலாந்தில் உடல்நலம் குன்றிய நிலையில் வாழ்ந்தவர். அவருடைய சகோதரர் ஜான் டக்கர் சென்னையில் மிஷனரியாக இருந்தார். அவர் வழியாகத் தென்னிந்தியச் செய்திகளைத் தெரிந்துகொண்டு, இங்குள்ள மிஷன் வேலையைப் பற்றிப் புத்தகம் எழுதினார் சாரா. அவர் இறந்த பிறகு நண்பர்கள் அவர் நினைவாகப் பணம் சேர்த்து அனுப்ப, பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றுவிக்கும் நிறுவனம் பாளையங்கோட்டையில் வளர்ந்தது. 1895இல் அது கல்லூரியாகவும் ஆனது. என் கிராமத்துப் பள்ளியில் எனக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த டீச்சர் அங்கே பயிற்சி பெற்றவர்.

இதே ஊரில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கியது பார்வையற்றோர் பள்ளி. அதே பத்தாண்டில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். நாட்டின் பெரும்பகுதியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு என்ற எண்ணமே இல்லாத காலம் அது.

கொடுத்ததெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள்தான் என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து மெஞ்ஞானபுரம் பள்ளியில் படித்த அசரியா, 1903இல் நெல்லைக் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். இந்த வறண்ட பூமியின் பணத்தில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்கள் போனார்கள். 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கு என் அம்மாவின் அடுக்களைதான் நினைவுக்கு வருகிறது. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து மூலையில் இருக்கும் சின்னப் பானையில் போடுவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி இல்லாமல் கேப்பைக் களி கிண்டிய நாளில் கேப்பை மாவிலும் ஒரு பிடி எடுத்தாள். "அம்மா, கேப்பையும் வாங்கிக்கிடுவாங்களா?" என்றேன். "நம்மட்ட என்ன இருக்கோ அதத்தான குடுக்க முடியும்" என்றாள்.

முட்டைக் கணக்கு

அம்மாவின் அந்தப் பானை ஹாஸ்டலில் வேறு உருவத்தில் இருந்தது. லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்தில், பிள்ளைகள் கூடிப் பேசி எதையாவது விடுவார்கள். எங்கள் ஹாஸ்டலில் பெரும்பாலும் விடப்படுவது புதன்கிழமை முட்டைதான். அந்தக் காசில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாமல் கிடக்கும் நோயாளிகளுக்குப் பாலும் ரொட்டியும் வாங்கிப் போவோம். சேர விருப்பமில்லாத பிள்ளைக்கு வழக்கம்போல முட்டை உண்டு. இதை நான் சமையல்கார அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். பசி எடுக்கும் வயதுப் பிள்ளையிடம் தியாகத்தைத் திணிக்கக் கூடாது.

ஒரு வருஷம் இந்த முட்டையில் பெரிய வழக்கு வந்தது. ஏழாம் வகுப்பு இந்துப் பிள்ளை ஒருத்தி கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். "டீச்சர், நான் வெள்ளிக்கெழம முட்ட திங்க மாட்டேன். எங்க வீட்ல வழக்கம் இல்ல. அந்த முட்டைக் காசையும் ஆஸ்பத்திரிக்கிச் சேத்துக்கோங்க."

பின்னாலேயே நாலைந்து பேர் ஆட்சேபம் சொல்ல வந்துவிட்டார்கள். "அவ எப்பிடியும் திங்கப் போறதில்ல டீச்சர். அது எப்பிடி விட்டதாவும்? நாங்க ஆசைய அடக்கி விடுறோம்." அவளும் விடவில்லை. "ஆஸ்பத்திரில கெடக்குற பாட்டிக்கு ரொட்டி வந்தாப் போதும். ஆசைல வந்துச்சா, வழக்கத்துல வந்துச்சான்னு பாட்டி கேக்கவா போறாவ?"

வேதாகமக் கல்லூரியில் விவாதிக்க வேண்டிய விஷயம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டேன். பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்தி யோசித்துச் சொன்னாள்: "காசச் சேத்துக்கிடுவோம். ஆனா யாரு எத்தன முட்ட விட்டாங்கன்னு நோட்டுல எழுதக் கூடாது. மொத்தக் கணக்கு மட்டும் போடுவோம்." வழக்கு அதோடு முடிந்தது. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு அதை ஹாஸ்டல் நோட்டில் அமல்படுத்திக் காட்டிவிட்டாள் அவள்.

வாசித்துக் காட்டுகிற வேலை

எங்கள் பள்ளியில் பார்வையற்ற பிள்ளைகள் சிலர் மற்றவர்களோடு சேர்ந்து படித்தார்கள். பிரெய்ல் புத்தகம் எல்லாப் பாடத்துக்கும் கிடைக்காது. கிடைப்பதும் உரிய நேரத்தில் வராது. அதனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வாசிப்புக்கு என்று டைம்டேபிளில் இருந்தது. வாசித்துக் காட்ட விருப்பமுள்ள பிள்ளைகள் பெயர் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு தோழி. மரத்தடி, வராந்தா, லேப் பெஞ்ச் என்று ஜோடி ஜோடியாக உட்கார்ந்துவிடுவார்கள்.

பத்தாம் வகுப்பில் அறிவியலில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆகிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். இவள் பெயர் கொடுத்ததற்குக் காரணம் பக்தி என்று நான் சொல்ல மாட்டேன். கடைசி பீரியடில் கணக்கு ஸ்பெஷல் கிளாஸிலிருந்து தப்பிக்கலாம் என்பதுதான். அன்றைக்கு வாசிக்க வேண்டிய பாடம் மனித இதயம். இரண்டு பாரா வாசித்ததும் "படத்தைப் பார்க்க" என்று வந்தது. வாசித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். எதிரில் இருப்பவள் படத்தை எப்படிப் பார்ப்பாள்?

என்னிடம் வந்து கேட்பாள் என்று நினைத்தேன். வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்து, நான்கு டிபன் பாக்ஸைச் சேகரித்தாள். பெஞ்சில் மேலே இரண்டு, கீழே இரண்டு. "மேல உள்ளது ஆரிக்கிள், கீழ உள்ளது வெண்ட்ரிக்கிள், தொட்டுப் பாரு." தன் பின்னலிலிருந்து ரிப்பனை அவிழ்த்து இடப்பக்கக் கீழ்ப் பெட்டியிலிருந்து மேலே வளைத்து விட்டாள். "இது பெருந்தமனி. இது வழியா ரத்தம் உடம்பு முழுக்கப் போவும்." தோழியின் விரலைப் பிடித்து ரிப்பன் மேலேயே நகர்த்திக்கொண்டு போனாள்.

பார்வையற்ற பிள்ளை எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சரிட்டீ. மேல் பெட்டிலேர்ந்து கீழ் பெட்டிக்கு ரத்தம் வருது. கீழ் பெட்டி அமுங்கும்போது அது ஏன் திரும்ப மேலே போகாம ரிப்பன் வழியா மட்டும் போவுது?"

வாசிக்க வந்தவளிடம் பதில் இல்லை. 'ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு' என்று பரீட்சைக்கு அவள் எழுதியிருக்கிறாள். அந்த வால்வு எதற்கு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அப்போதுதான் என்னிடம் ஓடிவந்தாள். நான் டிபன் பாக்ஸ் மூடியைச் சாய்த்து வைத்து, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவாகக் காட்டினேன். இரண்டு பேரும் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடினார்கள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

இதன் பிறகு அவள் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கினாள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். வாங்கவில்லை. ஆனால் "இது ஏன்?" என்று கேட்கப் பழகிவிட்டாள். அறிவியலில் இனிமேல் பெயிலாக மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆகவும் இல்லை. இப்போது நெல்லை டவுனில் தையல்கடை வைத்திருக்கிறாள். தோழி ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். ஒருத்தி கொடுத்தாள், மற்றவள் வாங்கினாள் என்று அந்தப் பீரியடைப் பிரிக்க முடியாது என்பதை நான் அந்தப் பெஞ்சில் பார்த்தேன்.

போர்டில் ஏறும் பெயர்கள்

மிஷன் பள்ளிகளின் சாதனை என்று பேச்சு வந்தால் யாராவது அப்துல் கலாம் பெயரைச் சொல்லிவிடுவார்கள். சரியான உதாரணம்தான். ராமேஸ்வரத்து முஸ்லிம் குடும்பப் பிள்ளை ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தது, பிறகு திருச்சி புனித வளனார் கல்லூரிக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். ஷ்வார்ட்ஸ் பள்ளியில் தனக்கு வழிகாட்டிய ஆசிரியர் ஐயாதுரை சாலமோனைப் பற்றி 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் நன்றியோடு எழுதியிருக்கிறார். என் பார்வையில் அந்த உதாரணத்தின் கனம் ராக்கெட்டில் இல்லை. ஊரை விட்டு வந்து வீட்டு ஏக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் பையனிடம், ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் உன்னால் முடியும் என்ற நம்பிக்கையை ஊட்டினார். பையன் கடைசிவரை தன் தொழுகையை விடாத முஸ்லிமாகவே இருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே கேள்வி கேட்கும் அம்மாக்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பள்ளி வாசலில் மாட்டியிருக்கும் போர்டுகளில் மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். 2017இல் பொதுத்தேர்வு முடிவோடு ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை அரசு நிறுத்திவிட்டது. அந்த வருஷத்தோடு பல பள்ளிகளில் அந்தப் போர்டும் நின்றுவிட்டது. பல நிர்வாகங்களுக்கு வருத்தம். எனக்கு இல்லை. ரேங்க் வாங்கிய பிள்ளைகள் கெட்டிக்காரிகள். எந்தப் பள்ளியில் இருந்தாலும் வாங்கியிருப்பார்கள். வீட்டில் படிக்க விளக்கோ இடமோ இல்லாமல் போர்டிங்குக்கு வந்து, மாலை ஸ்டடி ஹவரில் சீனியர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு எந்தக் காலத்திலும் போர்டு கிடையாது. இந்த மாவட்டத்தை மாற்றியவர்கள் அவர்கள்தான்: கிராமத்து டீச்சர், நர்ஸ், தபால்காரர், பஞ்சாயத்து கிளார்க்.

கசப்பானதையும் சொல்ல வேண்டும். ரேனியஸ் போட்ட ஒரே பந்தி எங்கள் ஹாஸ்டல்களில் உண்டு. ஆனால் பந்தியை விட்டு எழுந்ததும் யார் யாரோடு நடக்கிறார்கள் என்று பார்த்தால் சாதி தெரியும். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில்கூடத் தெரியும். 2023இல் எங்கள் மாவட்டத்து நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியது கூடப் படித்த பையன்கள். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. தடை சரி. ஆனால் ஒருவனுக்கு ஒருவன் வேலை செய்து பழகாத பையன்களின் கையில் கயிற்றை மட்டும் அறுத்தால் போதாது. சபை நடத்தும் பள்ளிகள் இதை அரசின் வேலை என்று விட்டுவிட முடியாது. நிர்வாகத் தேர்தல்களிலேயே சாதிக் கணக்கு போடுகிற சபைக்கு, அசெம்பிளியில் அன்பைப் பற்றி வாசிக்க எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

காணாமல் போகும் விதம்

சேவை ஒரு பள்ளியில் எப்படிச் சாகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதை எதிர்த்துப் பேசுவதில்லை. எல்லோரும் புகழ்கிறார்கள். பிறகு ஒரு ஜூன் மாதம் புதிய டைம்டேபிள் வரும். அதில் அது இருக்காது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வெள்ளிக்கிழமை வாசிப்புக்கு நேர்ந்தது அதுதான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் கொஞ்சம் இறங்கியது. கடைசி பீரியட் கணக்கு டெஸ்டுக்குப் போனது. "வாசிப்ப நிறுத்தல டீச்சர், விருப்பம் உள்ளவங்க லஞ்ச் டயத்துல செய்யட்டும்" என்றார்கள். சத்துணவு வரிசையில் தட்டோடு நிற்கிற பிள்ளைக்கு லஞ்ச் டயத்தில் என்ன மிச்சம் இருக்கும்? சில மாதத்தில் நின்றுவிட்டது. அதே வருஷம் ஆண்டு விழாவில் 'சேவைக்கான கேடயம்' என்று புதிதாக ஒன்று வைத்தார்கள். ஒரு நாள் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பழம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்ட வகுப்புக்கு அது கிடைத்தது. பழம் வாங்கிக்கொண்ட பாட்டிகள் மத்தியானம் வரை கேமராவுக்காக வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

என்.எஸ்.எஸ்., சாரணர், ஜூனியர் ரெட் கிராஸ் எல்லாம் பள்ளிகளில் இருக்கின்றன. நல்ல அமைப்புகள். என்.எஸ்.எஸ். பிள்ளைகள் ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்துத் தெருவைக் கூட்டி, கால்வாயைத் தூர்வாரிவிட்டு வருவார்கள். வரும்போது அவர்கள் நடையே மாறியிருக்கும். அதற்கும் இப்போது சான்றிதழ்தான் முதல் காரணம். சான்றிதழுக்கு வந்த பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கு ஸ்பெஷல் கிளாஸிலிருந்து தப்பிக்க வந்தவளும் கடைசியில் டிபன் பாக்ஸ் அடுக்கினாள். எந்தக் காரணத்துக்கு வந்தாலும் வந்து செய்வதற்கு வாராவாரம் ஒரு நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். எப்போதாவது செய்கிற சேவையில் செய்கிறவருக்கு நல்ல பெயர் மிஞ்சும். வாராவாரம் செய்கிற சேவையில்தான் எதிரில் இருப்பவள் கேட்கிற கேள்வி காதில் விழும்; நமக்குப் பதில் தெரியாது என்பதும் தெரியவரும்.

கட்டணம் வாங்கும் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளையும் இன்று சபைகள் நடத்துகின்றன. அவற்றில் நீச்சல்குளம்கூட உண்டு. அங்கே படிக்கும் பிள்ளைக்குத் தன்னைவிட இல்லாத ஒருத்தி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் சேவை என்றால் பஸ் பிடித்து எங்கோ போய்ச் செய்வது என்று ஆகிவிடுகிறது. உதவிபெறும் பள்ளியில் அது பெஞ்சைத் திருப்பிப் போட்டால் நடந்துவிடும். இந்தப் பள்ளிகளின் பெரிய சொத்து இதுதான். கட்டடம் பழசு, லேபில் பாதிக் குடுவை உடைந்தது என்றாலும் இந்தச் சொத்தை எந்தத் தனியார் பள்ளியாலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

இன்றைக்கும் தலைமை ஆசிரியைகளாக இருக்கும் என் பழைய மாணவிகள் சிலர் ஜூன் மாதம் போன் செய்து, "டீச்சர், இந்த வருஷம் என்ன புதுசா செய்யலாம்?" என்று கேட்பார்கள். புதிதாக ஒன்றும் வேண்டாம் என்பேன். வாரத்தில் ஒரு பீரியடை ஒதுக்கி டைம்டேபிளில் எழுது. எதிரே ஒரு டீச்சர் பெயரைப் போடு. கணக்கு டீச்சர் லீவு என்றால் வேறொருவரை அனுப்புகிறாயே, அதேபோல அந்த டீச்சர் லீவு போட்ட அன்றைக்கும் சப்ஸ்டிடியூஷன் போடு. பரீட்சைக்கு முந்தின வாரமும் அதை எடுக்காதே. இவ்வளவையும் ஒரு வருஷம் செய்துவிட்டால், காலையில் மைதானத்தில் ஏன் ஜெபிக்கிறோம் என்று எந்தப் பிள்ளைக்கும் நீ தனியாக விளக்க வேண்டியிருக்காது. எந்த அம்மாவுக்கும் பயப்படவும் வேண்டியிருக்காது.